பரண் மேல் ஒரு பென்டியம்

நான் படித்தது பி.காம். அதனால்தானோ என்னவோ, ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஸ்பீடும் மெமரியும் தோன்றும் இடத்தில் எனக்குத் தேய்மானம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பழக்கதோஷம்!

2000-களில் நம் வருமான வரிக் கணக்குப்படி கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 60 சதவிகிதம் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம் (பிற்பாடு அதை 40 ஆக்கிவிட்டார்கள்). 40,000 ரூபாய் போட்டு வாங்கிய மெஷின் முதல் வருஷக் கடைசியில் 16,000. அடுத்த வருஷம் 6,400. மூன்றாவது வருஷம் 2,560. லெட்ஜரைக் கேட்டால், மூன்றே வருஷத்தில் அது ஒரு சைக்கிள் விலைக்கு வந்துவிட்டது என்று சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது! மிக்ஸி பிளேடு மழுங்கும். ஸ்கூட்டர் டயர் தேயும். ஆனால் பிராஸசர் சில்லுக்குள் அசைகிற பாகம் என்று ஒன்றுமே கிடையாது. ஃபேனும் ஹார்ட் டிஸ்க்கும் பவர் சப்ளையும் ஒழுங்காக இருந்தால், வாங்கின அன்று ஒரு செகண்டுக்கு எத்தனை கூட்டல் போட்டதோ, இருபது வருஷம் கழித்தும் அத்தனை போடும். ஒன்றுகூடக் குறையாது.

அப்படியானால் "ஸ்லோ ஆயிடுச்சு சார்" என்று எதைச் சொல்கிறோம்?

2001-ல் என் அப்பா பி.எஃப். லோன் போட்டு எனக்கு ஒரு பென்டியம் த்ரீ வாங்கிக் கொடுத்தார். 128 எம்.பி. ரேம். விலை, மேலே சொன்ன 40,000-த்தை ஒட்டித்தான். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தது. அதைப் போட முடியுமா என்று கடையில் கேட்டேன். சர்வீஸ் பையன் என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தான். "இதுக்கு இனிமே செலவு பண்ணாதீங்க சார். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க." அவன் சொன்னது தப்பில்லை. விஸ்டாவுக்குக் குறைந்தபட்சமே 512 எம்.பி. ரேம் வேண்டும். ஐந்து வருஷம் முன்பு வந்த எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. போதும் என்றிருந்தார்கள். நடுவில் என் மெஷின் இளைத்துப் போகவில்லை. சாஃப்ட்வேர் பெருத்துவிட்டது!

பெருத்தால் ஏன் மெஷின் திணறுகிறது? ஓர் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ரேம் என்பது குமாஸ்தாவின் மேஜை. ஹார்ட் டிஸ்க் என்பது மாடியில் இருக்கும் ரெக்கார்டு ரூம். மேஜையில் இருக்கும் ஃபைலைக் கண நேரத்தில் எடுத்துவிடலாம். மேஜை நிறைந்துவிட்டால்? ஒரு ஃபைலை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கச் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். ரேமோடு ஒப்பிட்டால் அது பல்லாயிரம் மடங்கு தாமதம். பழைய மெஷினில் ஒரு ஃபைலைத் திறந்ததும் 'கரகர கரகர' என்று சத்தம் வருமே... குமாஸ்தா படி ஏறி இறங்குகிற சத்தம்தான் அது.

சரி, கதைக்கு வருவோம். இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தவர்களின் கதை.

1991. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர், தவணை முறையில் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினார். ரேம் வெறும் 4 எம்.பி. அதில் உட்கார்ந்துதான் லினக்ஸை எழுத ஆரம்பித்தார். லினக்ஸ் என்பது சேஸிஸ் மாதிரி. இன்ஜினும் சட்டமும் மட்டும்தான். அதை வாங்கி நம் கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள் இல்லையா? அதுபோல உலகம் முழுக்க ஆளாளுக்கு அந்தச் சேஸிஸ் மேல் பாடி கட்டினார்கள். கட்டி முடித்த பஸ்ஸுக்குத்தான் 'டிஸ்ட்ரோ' என்று பெயர். இலவச பஸ்.

ஆனால் 4 எம்.பி.யில் பிறந்த குழந்தை, பன்னிரண்டு வருஷத்தில் எப்படி ஆனது தெரியுமா? 2003-ல் வந்த ரெட் ஹேட் 9-ஐ இன்ஸ்டால் செய்யவே மூன்று சிடி வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் இலவசம்தான், ஓட்டுவதற்குத்தான் புது மெஷின் வாங்க வேண்டும்!

இந்த இடத்தில் ஜெர்மனிக்காரர் ஒருவர் வருகிறார். கிளவுஸ் நாப்பர். 2000-ல் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ் ஒரு புது வழியைக் காட்டியது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சிடியைப் போட்டு மெஷினை ஆன் செய்தால் போதும், சிடியிலிருந்தே முழு லினக்ஸும் ஓடும். சிடியை எடுத்துவிட்டால் உங்கள் விண்டோஸ் அப்படியே பத்திரமாக இருக்கும். பார்ட்டிஷன் போடும்போது கை தவறி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முழித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். (நானும் முழித்திருக்கிறேன்.)

நாப்பிக்ஸ் ஒரு முழு சிடியை, அதாவது 700 எம்.பி.யை, அடைத்துக்கொண்டது. ஜான் ஆண்ட்ரூஸ் என்பவருக்கு ஓர் ஆசை. விசிட்டிங் கார்டு சைஸில் குட்டி சிடி வருமே, அதன் கொள்ளளவு 50 எம்.பி. அதற்குள் உருப்படியான ஒரு கம்ப்யூட்டரை அடைக்க முடியுமா? நாப்பிக்ஸை எடுத்து இழைத்து இழைத்து அடைத்துவிட்டார். டைப் அடிக்க, படம் பார்க்க, பாட்டுக் கேட்க, இன்டர்நெட்டில் உலாவ எல்லாமே உள்ளே. அதற்கு வைத்த பெயர் டேம் ஸ்மால் லினக்ஸ். முதல் வார்த்தை இங்கிலீஷில் கொஞ்சம் வசவு. 'சனியன், எவ்வளவு சின்னது பார்!' என்கிற மாதிரி! 486 பிராஸசரும் 16 எம்.பி. ரேமும் இருந்தாலே ஓடும் என்று அறிவித்தார்கள். சும்மா விளையாட்டாகச் செய்து பார்த்த வேலை, ஆயிரக்கணக்கான பழைய மெஷின்களுக்கு உயிர் கொடுத்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவில் பாரி காலர் என்பவரும் பாடி கட்டிக்கொண்டிருந்தார். விண்டோஸுக்கான அசெம்பிளி மொழி பற்றிப் புத்தகம் எழுதியவர். அசெம்பிளி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பைட்டையும் காசு மாதிரி எண்ணிச் செலவழிக்கிற ஜாதி. அவர் வீட்டில் ஒரு சிவாவா நாய் இருந்தது. உள்ளங்கை அகல நாய். ஆனால் தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நாய் வந்தாலும் பயப்படாது. அதன் பெயர் பப்பி. 2003 ஜூனில் வெளிவந்த அவருடைய லினக்ஸுக்கும் அதே பெயர்.

பப்பி லினக்ஸின் சூட்சுமம் இதுதான். 100 எம்.பி.க்கும் குறைவான மொத்த சிஸ்டத்தையும், ஆன் செய்ததுமே ஒரே மூச்சில் ரேமுக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது, குமாஸ்தாவுக்கு வேண்டிய எல்லா ஃபைலும் காலையிலேயே மேஜைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் மாடிப்படி ஏறுகிற வேலையே இல்லை! 128 எம்.பி. ரேமுக்குள் இந்த வித்தை நடந்தது. எல்லாம் ரேமில் இருப்பதால் சிடியை வெளியே எடுத்துவிட்டு வேறு சிடி போடலாம். ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தாலும் கவலையில்லை. நீங்கள் அடித்த கடிதத்தையும் செட்டிங்குகளையும் ஒரே ஃபைலாகக் கட்டிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளும். அதுவும் இல்லையா? ஷட் டவுன் செய்யும்போது அதே சிடியில் மிச்சமிருக்கும் இடத்தில் எழுதி வைத்துவிடும்! முதன்முறை டெஸ்க்டாப் வந்ததும் ஸ்பீக்கரில் ஒரு நாய் குரைக்கும். வேலைக்கு ரெடியாம்.

நிபுணர்களுக்குப் பப்பி மேல் ஒரு மனக்குறை உண்டு. லினக்ஸில் எல்லாச் சாவியும் கையில் இருக்கிற தலைமை யூசருக்கு 'ரூட்' என்று பெயர். சாதாரண வேலைக்கு அந்தப் பெயரில் நுழையக் கூடாது என்பது சாஸ்திரம். பப்பியிலோ எப்போதுமே ரூட்தான். பாதுகாப்பு போச்சு என்று திட்டினார்கள். ஒரே ஆள் உட்காருகிற பழைய வீட்டு மெஷினுக்கு அத்தனை பூட்டு எதற்கு என்பது பாரி காலரின் கட்சி. எனக்கென்னவோ அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

2008-ல் பப்பியின் நான்காவது பதிப்பை ஒரு நண்பர் சிடியில் போட்டுத் தந்தார். என் பென்டியம் த்ரீ பரணிலிருந்து இறங்கியது. எழுத அபிவேர்டு, கணக்கு போட நியூமெரிக், இன்டர்நெட்டுக்கு சீமங்க்கி. அதற்குள் எனக்கு ஆபீஸில் லேப்டாப் கொடுத்திருந்தார்கள். அதனால் பழைய மெஷினை அப்பா எடுத்துக்கொண்டார். பால், பேப்பர், கரன்ட் பில், மாத்திரை என்று வீட்டுக் கணக்கு மொத்தமும் நியூமெரிக்கில் ஏறியது. லோன் கட்டி முடித்த பொருள் வீணாகவில்லை என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை லெட்ஜரில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

இதற்கிடையில் டேம் ஸ்மால் லினக்ஸ் வீட்டில் பாகப்பிரிவினை. ஆண்ட்ரூஸோடு தோள் கொடுத்து உழைத்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் பிரிந்துபோய், 2008 கடைசியில் டைனி கோர் என்று ஒன்றை வெளியிட்டார். 50 எம்.பி. எல்லாம் ஆடம்பரம் என்று நினைத்தாரோ என்னவோ, இதன் அளவு 10 எம்.பி. சொச்சம்தான்! டேம் ஸ்மால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போனது.

இன்னொரு பக்கம், லினக்ஸின் சேஸிஸே பழசுகளைக் கழற்றிவிட ஆரம்பித்தது. 2012 டிசம்பரில் 386 பிராஸசருக்கான ஆதரவை நீக்கினார்கள். லினக்ஸ் பிறந்ததே 386-ல்தானே! பிறந்த வீட்டுக் கதவைச் சாத்தியபோது, தனக்கு இதில் எந்த சென்டிமென்ட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார் லினஸ். நாம்தான் கண் கலங்க வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் வாசகர்களே, பழைய கம்ப்யூட்டர்களுக்கு நிஜமான எமன் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தை 10 எம்.பி.க்கும் சுருக்கலாம் என்று நிரூபித்தாகிவிட்டது. அந்த யுத்தத்தில் இவர்கள் ஜெயித்துவிட்டார்கள். தோற்றது வேறு ஒரு முனையில். இன்டர்நெட் முனையில்!

2003-ல் ஒரு வெப்சைட் என்பது எழுத்தும் நாலு படமும். இன்றைக்கு ஒரு சைட்டைத் திறந்தால் அது ஒரு முழு சாஃப்ட்வேரையே உங்கள் மெஷினுக்கு அனுப்பி ஓடவிடுகிறது. வீடியோ தானாக ஓடுகிறது. விளம்பரம் உங்களைப் பின்தொடர்கிறது. இவ்வளவையும் தாங்கும் பிரவுஸர், ஒரே ஒரு பக்கத்தைத் திறக்கவே நூற்றுக்கணக்கான எம்.பி. ரேமைச் சாப்பிடும். மேஜையை எவ்வளவு துடைத்து வைத்திருந்தால்தான் என்ன, வருகிற ஒரே ஃபைல் மேஜையைவிடப் பெரிதாக இருந்தால்?

2024-ல் ஜான் ஆண்ட்ரூஸ் திரும்பி வந்தார். டேம் ஸ்மால் லினக்ஸுக்கு மறுபிறவி. பழைய ரசிகர்கள் ஆவலாகப் பார்த்தார்கள். இந்தத் தடவை அளவு எவ்வளவு? 700 எம்.பி. பிரவுஸரும் மற்றதும் வீங்கியிருக்கிற இந்தக் காலத்தில் பழைய 50-க்குள் அடைக்க வழியே இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு முழு சிடியை எல்லையாக வைத்துக்கொண்டார். எந்த நாப்பிக்ஸை இளைக்க வைக்கக் கிளம்பினாரோ, அதே அளவுக்கே வந்து நின்றார்! அதுவும் கிரீஸ் நாட்டிலிருந்து வரும் ஆன்டிஎக்ஸ் என்ற மெலிந்த டிஸ்ட்ரோவை அடித்தளமாகக் கொண்டு, பிடிவாதமாகச் செதுக்கித்தான் இந்த 700.

அடுத்த வருஷம் இன்னும் இரண்டு அடி. பல டிஸ்ட்ரோக்களுக்குத் தாய்வீடான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிராஸசர்களுக்கு முழு ஆதரவு தருவதை நிறுத்தியது. நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 145, லினக்ஸின் 32 பிட் மெஷின்களைக் கைவிட்டது. கூகுள் குரோம் அதை 2016-லேயே செய்துவிட்டது. பென்டியம் த்ரீ, ஆரம்பகாலப் பென்டியம் ஃபோர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

அதே 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராஸசர்களில் பெரும்பாலானவை அதன் பட்டியலிலேயே இல்லை. 2016-ல் வாங்கிய, 8 ஜி.பி. ரேம் உள்ள, சொடக்குப் போடுவதற்குள் வேலை செய்கிற மெஷின்கூட ஒரே ராத்திரியில் 'பழசு' ஆகிவிட்டது. 8 ஜி.பி. என்றால் என் பென்டியத்தைப் போல 64 மடங்கு மேஜை! கடையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்படியொரு மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பென் டிரைவில் ஏதாவது ஒரு லைட் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். பப்பி இப்போதும் வந்துகொண்டிருக்கிறது. பாரி காலர் பொறுப்பை மற்றவர்களிடம் கொடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன, நாய்க்குட்டி மட்டும் அதே நாய்க்குட்டிதான்.

இதை எழுதுவதற்காகப் போன வாரம் பரணிலிருந்து பென்டியம் த்ரீயை மறுபடி இறக்கினேன். தூசி தட்டி, பழைய பப்பி சிடியைப் போட்டு, அப்பாவின் பென் டிரைவைச் சொருகினேன். உள்ளே இருக்கும் பேட்டரி செல் தீர்ந்துவிட்டதால் தேதி 2000 என்று காட்டியது. டெஸ்க்டாப் வந்தது. சீமங்க்கியில் ஒவ்வொரு நியூஸ் சைட்டாக அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டன.

நியூமெரிக்கைக் கிளிக் செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் அப்பாவின் வீட்டுக் கணக்கு வந்து நின்றது. கடைசி வரியில், பால்காரருக்கு அட்வான்ஸ் 200 ரூபாய்.