கடல்நீரின் கார்பனேட் வேதியியல்: மரக்காணம் கரை

கடல்நீரில் கரைந்த கரியமில வாயு, பைகார்பனேட், கார்பனேட் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிச் சமநிலை கொள்வதை ஆராய்வது கார்பனேட் வேதியியல். கரைந்துள்ள கனிமக் கரிமத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு பைகார்பனேட்டாகவும், 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே வாயுவாகவும் இருப்பதனால், காற்று மண்டலத்தினும் நாற்பது மடங்குக்கு மேற்பட்ட கரிமத்தைக் கடல் தாங்குகிறது.

இந்தப் பைகார்பனேட்டில் ஒரு பகுதி நிலத்திலிருந்தே வருகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியிலுள்ள பெருமுக்கல் குன்று போன்ற சிலிகேட் பாறைகளை, கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பெய்யும் மழை மிக மெதுவாகச் சிதைக்கும்போது, அவ்வாயு பைகார்பனேட்டாகி ஓடைநீரில் கலக்கிறது. இப்பகுதி ஏரிகளின் மிகைநீர் கழுவெளி என்னும் ஈரநிலத்தில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே வங்கக் கடலை அடைகிறது.

இக்கழிமுகத்தை ஒட்டிய மரக்காணம் உப்பளங்கள் தொன்மை மிக்கவை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, மன்னன் நல்லியக்கோடனின் ஓய்மானாட்டுப் பட்டினமாகக் கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. உப்பளத்தில் நிகழும் படிவு வரிசையை, மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கிச் சோதித்த வேதியியலாளர் உசிக்லியோ 1849இல் அளந்து காட்டினார். நீர் ஏறத்தாழப் பாதியாகச் சுண்டியதும் கால்சியம் கார்பனேட்டாகிய சுண்ணாம்பும், ஐந்தில் ஒரு பங்கானதும் ஜிப்சமும், பத்தில் ஒரு பங்கானதும் சமையல் உப்பும் படிகின்றன. எனவே உப்பு விளையும் பாத்திக்கு நீர் வருமுன்பே, முந்தைய பாத்திகளில் சுண்ணாம்பின் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. வெண்மையான உப்பு கிடைப்பதற்கு இந்த ஒழுங்கே அடிப்படை.

சுண்ணாம்பு படியும்போது இரண்டு பைகார்பனேட் அயனிகளில் ஒன்றன் கரிமம் திண்மமாகிறது, மற்றதன் கரிமம் கரியமில வாயுவாகிறது. அதில் ஒரு பகுதியைக் கடல்நீர் மீண்டும் கட்டிக்கொள்வதால், ஒரு மோல் சுண்ணாம்புக்குச் சுமார் 0.6 மோல் வாயுவே வெளியேறும். சிப்பி ஓடும் இதே சுண்ணாம்பாதலால், சிப்பி வளர்ப்பைக் கரிமச் சேமிப்பாகப் போற்றும் கருத்து, ஓட்டைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கதன்று.

சாலஞ்சர் ஆய்வுக் கப்பல் 1872–76 பயணத்தில் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளை ஆராய்ந்து, முதன்மை அயனிகளின் விகிதம் எங்கும் மாறாதது என 1884இல் வேதியியலாளர் டிட்மர் நிறுவியது கடல் வேதியியலின் அடித்தளமாகும். தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்புக் கடல்நீரின் சராசரி பிஎச் 8.2இலிருந்து 8.1 ஆகக் குறைந்துள்ளது. இது ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியதற்குச் சமம். இந்தியாவில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் கடல்நீரின் பிஎச் போன்ற அளவீடுகளை மேற்கொள்கிறது. மேலே கூறிய கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் காப்புத் திட்டத்தில் நீரின் காரத்தன்மையையும் பிஎச் அளவையும் பருவந்தோறும் பதிவு செய்வது சேர்க்கப்பட வேண்டும்.