மேற்குமலைச் சாரலின் வழிப்பெயர்கள்

தமிழக வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டனர். கல்வெட்டும் செப்பேடும் கோயிலும் கோட்டையும் மருதநிலத்தில் மிகுதியாகக் கிடைத்தமையின் அஃது இயல்பே. ஆயின் அவ்வாறுகள் பிறக்கும் விடரகங்களையும் பள்ளத்தாக்குகளையும் முதன்முதல் நடந்து கண்டவர் யாவர், கண்டதை அவர்கள் எவ்வாறு பதிந்துவைத்தனர் என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையாக, வத்திராயிருப்புத் தொடங்கித் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களுக்கு மேற்கே நீண்டு நிற்கும் மலைத்தொடரை வைத்து அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றேன்.

இம்மலை மூன்று ஆறுகளுக்குத் தாயகம். வடமேற்கே வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் வையை தோன்றுகின்றது. தென்மேற்கே, சிவகிரி மலைப்பகுதியில் தோன்றுவதாகப் பொதுவாகக் கூறப்படும் பெரியாறு மேலைக்கடலை நோக்கிச் செல்கின்றது. கிழக்குச் சரிவின் ஓடைகள் அர்ச்சுனா நதியாகவும் வைப்பாறாகவும் திரண்டு, இருக்கன்குடியில் ஒன்றுகூடிக் கீழைக்கடலை அடைகின்றன. ஒரே முகட்டிலிருந்து இறங்கினும் இம்மூன்றின் செல்வநிலை ஒன்றன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேலைச்சரிவே பெரிதும் வாங்கிக்கொள்கின்றது. கீழைச்சமவெளிக்கு எஞ்சுவது உலர்ந்த காற்று. 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கும், பின்னர்ப் பட்டாசுத் தொழில் பெருகியதற்கும் இவ்வறண்ட வானிலை ஒரு காரணம் என்பது யாவரும் அறிந்தது. மலைக்கு மேற்கே அருவியாக இறங்குவதும், கிழக்கே தீக்குச்சியை உலர்த்துவதும் ஒரே முகட்டின் செயலாகும். ஆதலின் இக்கரிசல் நிலத்தார்க்கு அம்மலையின் உட்புறத்தை அறிதல் இயற்கை இன்பம் துய்க்கும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. நீர் எப்பக்கம் பாய்கின்றது என்பதே அவர்கள் அறிய விரும்பியது.

சான்றுகளுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது சதுரகிரி வழியாகும். சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் ஆகிய கோயில்களுக்குச் செல்வோர் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறுவர். அவ்வழியில் எதிர்ப்படும் இடங்களின் பெயர்களை வழக்கிலுள்ளவாறே நோக்குவோம்: மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை, பிலாவடிக் கருப்பர். மலையின் பெயர் வடமொழித் தொடர். அதற்குச் சதுரம் என்றும் நான்மறை என்றும் பலவாறு பொருள் கூறுவர். வழியின் பெயர்களோ பெரும்பாலும் எளிய தமிழ், பொருள்விளக்கம் வேண்டாதவை. மலைக்குப் பெயரிட்டவர் அதனைத் தொலைவிலிருந்து நோக்கியவர் என்றும், வழிக்குப் பெயரிட்டவர் அதில் கால்வைத்து நடந்தவர் என்றும் கொள்வதில் தவறில்லை.

இப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. வழுக்குப்பாறை என்பது எச்சரிக்கை. சங்கிலிப்பாறை என்பது அவ்விடத்தைக் கடக்கும் உபாயம். பற்றிக்கொள்ளச் சங்கிலி இருந்தமையால் வந்த பெயர். ஓடையின் பெயர் நீர் கடக்கும் இடத்தையும், கிடையின் பெயர் தங்குதற்கேற்ற வெளியையும், கருப்பர் பெயர் நிழல்மரத்தையும் காவற்றெய்வத்தையும் ஒருங்கே அறிவிக்கின்றன. எழுத்தறியாத ஒருவன் இப்பெயர்களை வரிசை பிறழாமல் மனத்திற் கொண்டால், வழிகாட்டியின்றியே ஏறி இறங்கலாம்.

இம்முறை புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் நூல். அதன் மலைவழிப் பகுதியைப் பாட்டென்று மட்டும் கருதிப் படிப்போர் அதன் பயனில் பாதியை இழப்பர். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு கரந்துறையும் குழி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் எல்லை என இடரும் இடமும் இணைத்தே கூறப்படுகின்றன. வழுக்கும் மடுவின் கரையைக் கடக்குமிடத்து, மூங்கிலையும் எருவைக்கோலையும் பற்றிக்கொண்டு செல்க என்று அறிவுரை வருகின்றது. அங்கு எருவைக்கோல், சதுரகிரியில் இரும்புச் சங்கிலி. பற்றும் பொருள் மாறியதேயன்றி இடரைச் சொல்லி உடனே உபாயத்தையும் சொல்லும் மரபு மாறவில்லை. நன்னனின் செங்கண்மாவுக்கும் சதுரகிரிக்கும் நேரடித் தொடர்பு காட்ட முயல்வது என் கருத்தன்று. மலைவழியை அறிந்து அறிவிக்கும் முறை ஒன்று தமிழரிடையே நெடுங்காலமாக நின்றுவந்தது என்பதே யான் சொல்ல விழைவது.

இனி, இவ்வழியைக் கண்டவர் யாவர்? கோயிலுக்குச் சென்ற அடியார் என்று விடையிறுப்பது எளிது. ஆயின் இரண்டு பசுக்கிடைகள் அவ்விடையை மறுக்கின்றன. கிடை என்பது மந்தை இரவில் தங்கும் இடம். வழிபாட்டிற்கு வருவோர் கிடை அமைப்பதில்லை. தலக்கதையும் இதனையே வலியுறுத்துகின்றது. பச்சைமால் என்னும் ஆயனின் பசு தன் பாலை இறைவனுக்கு அளித்ததாகவும், பால் குறைந்தமை கண்டு சினந்த ஆயன் கோலால் அடித்ததாகவும், இறைவன் வெளிப்பட்டதாகவும் அக்கதை கூறும். இத்தகைய கதைகள் வேறு பல தலங்களிலும் உண்டாதலின் இதனைக் கொண்டு காலம் கணித்தல் இயலாது. எனினும் அம்மலையை முதலில் அறிந்தவன் ஆயன் என்னும் நினைவு மக்கள் உள்ளத்தில் நின்றது என்பதற்கு இது சான்றாகும். கோடையில் புல் தேடி மேலேறிய மந்தையின் தடத்தைப் பின்னர் அடியார் பின்பற்றினர் எனக் கருதலாம்.

ஆயர்க்கும் முற்பட்டோர் பளியர். தேன் எடுத்தலும் கிழங்கு அகழ்தலும் தொழிலாகக் கொண்ட இவர்களின் குடியிருப்புத் திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் இருந்துவருகின்றது. 1960-களின் தொடக்கத்தில் பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலார் பளியரிடையே தங்கி அவர்தம் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவர் நாட்டம் சமூக ஒழுக்கத்தின்மேற் சென்றது. பாறைக்கும் ஓடைக்கும் பளியர் வழங்கும் பெயர்களைத் தனியே தொகுக்கும் பணியோ தமிழ்த்துறைகளுக்கு உரியது. அதனை நாம் செய்யாது விட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மலையின் மறுபக்கத்திலிருந்தும் சதுரகிரிக்கு வழிகள் உண்டு. வடக்கே சாப்டூரிலிருந்தும், வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறையிலிருந்தும் மக்கள் ஏறிவந்தனர். உப்புத்துறை என்னும் பெயரைக் கண்டவுடன் உமணர் வணிகத்தை நினைத்துக்கொள்வது நம்மனோர்க்கு வழக்கமாகிவிட்டது. பெயரொன்றை மட்டும் பற்றுக்கோடாகக் கொண்டு வணிகப் பெருவழி ஒன்றை வரைந்துவிடுதல் பொருந்தாது. கீழைச்சமவெளியும் வையைப் பள்ளத்தாக்கும் இம்முகட்டினால் முற்றும் பிரிக்கப்படவில்லை என்ற அளவில் அமைவதே முறை.

நில அளவையாளர் வந்தது பின்னர். வார்டு, கானர் என்னும் இரு படைத்தலைவர் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் அளவைக்கருவி முகட்டில் நின்று முகட்டை நோக்குவது. விடரகத்தின் அடியை அது காணாது. ஆகவே இத்தகைய அளவைகளில் சிகரங்கள் செறிந்தும், சிற்றோடைகளும் பாறைகளும் அருகியும் காணப்படுதல் வியப்பன்று. நடந்தோரின் பெயர்வரிசையிலோ சிகரம் இல்லை. ஓடையும் பாறையுமே உள்ளன.

இவ்விருவகை அறிவும் மோதிய இடம் பெரியாற்றுத் திட்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப இயலுமா என்று அறிந்துவர அறிவுடையார் 12 பேரை அனுப்பினார் என்று 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடி குறிக்கின்றது. சேதுபதியின் சீமை இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியையும் தழுவியது. வையையின் கடைமடையும் அதுவே. கடைமடையில் நீரின்றி வாடியவர் தலைமடைக்கு அப்பால், முகட்டுக்கும் அப்பால் ஆளனுப்பினர் என்பது சிந்திக்கத்தக்கது. அவர்கள் இயலும் என்றனர். பொருள் இல்லாமையால் செயல் எழவில்லை. 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைத்தலைவரோ இது நடவாத கனவு என்று எழுதினார். நெறியறிந்த 12 பேர் சொல் ஏட்டின் ஓரத்தில் நின்றது. அவர் சொல் அரசின் முடிபாயிற்று.

1850-இல் தொடங்கிய சிறு முயற்சி காய்ச்சலாலும் ஆள்பற்றாமையாலும் நின்றது. 1862-இல் ரைவ்சு கருத்தை மீண்டும் எழுப்பினார். 1876-78 பெரும்பஞ்சத்தின் பின்னரே அரசு முழுமனத்துடன் எழுந்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாக, 1887-இல் பென்னிகுவிக்கு தலைமையில் வேலை தொடங்கிற்று. வெள்ளம் தற்காலிக அணைகளைப் பலமுறை அடித்துச் சென்றது. ஒரு மைலுக்கு மேல் நீண்ட சுரங்கம் மலையைத் துளைத்தது. 1895 அக்டோபரில் நீர் கிழக்கே பாய்ந்தது. ஆங்கில நாட்டுப் பொறியாளர்க்கு உரிய புகழைக் குறைத்தல் நம் நோக்கமன்று. தென்பாண்டி மக்கள் அவரை மறந்தாரும் அல்லர். ஆயின் அவ்வாறு திருப்புதல் கூடும் என்று முன்னரே நடந்து கண்டு கூறிய அப்பன்னிருவர்க்கு எவ்விடத்தும் நினைவுக்குறி இல்லை.

அந்நீரும் வையை வழியே சென்றது; மலையடியிலேயே உள்ள திருவில்லிபுத்தூர் வட்டத்தின் வைப்பாற்று நிலங்களுக்கு அது வரவில்லை. கீழைச்சரிவினர் தம் பக்கத்து ஓடைகளையே நம்பவேண்டியிருந்தது. 1970-களில் வத்திராயிருப்பை அடுத்துப் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு ஓடைகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. ஈண்டு ஆராய்ச்சி மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை: இப்பெரியாறு வேறு, முல்லையாற்றுடன் கூடி மேற்கே செல்லும் பெரியாறு வேறு. ஒரே மலைத்தொடரின் இருபுறத்தும் ஒரே பெயருடைய ஆறுகள் இருத்தலின், பெயர் கண்ட இடமெல்லாம் மேலைப் பெரியாறு என்று கொள்வது பெரும்பிழைக்கு இடமாகும். பெரிது என்பது ஒப்பீட்டுச் சொல். அருகிலுள்ள ஓடையினும் பெரியது எதுவோ அதுவே அவ்வூரார்க்குப் பெரியாறு. பிளவக்கல் என்னும் பெயரும் நோக்கத்தக்கது. பிளவுபட்ட கல் என்று பொருள்கொள்ள இடமுண்டு. அங்ஙனமாயின், அணைகட்ட ஏற்ற மலைப்பிளவைப் பொறியாளர் வரைபடத்திற் காண்பதற்கு நெடுநாள் முன்னரே ஊரார் பெயரால் குறித்துவைத்தனர் என்பதாகும்.

ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946-இல் வெளியிட்ட ‘ஊரும் பேரும்’ காட்டிய நெறியில் இம்மலைப் பெயர்களையும் தொகுத்தல் கூடும், காலந்தாழ்த்தல் கூடாது. 1988-இல் இம்மலை சாம்பல்நிற அணிலின் சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காத்தல் நன்றே. வைப்பாற்றின் ஓடைகள் வற்றாதிருக்கவும் அதுவே துணை. ஆனால் மந்தை ஏறாத தடத்தின் பெயரை மந்தையோட்டியின் பேரன் அறியான். கோயில்வழிப் பெயர்கள் அடியார் நாவில் நிற்கும். மீன்வெட்டிப்பாறை போல மக்கள் நாடிச்செல்லும் அருவிகளின் பெயரும் ஒருவாறு நிற்கும். ஏனைய விடர்களின் பெயர்கள் முதியோர் சிலரிடமே எஞ்சியுள்ளன.

இராசபாளையத்திற்கு மேற்கே, மலையிலிருந்து ஓடை வெளிப்படும் வாயிலில் ஓர் அய்யனார் கோயில் உள்ளது. அப்பக்கத்து ஓடைநீரே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் வழியாக நகரத்தார்க்குக் குடிநீராயிற்று. அய்யனார்க்கு ஊர்காத்தவர் என்றும் எல்லைகாத்தவர் என்றும் பெயர் வழங்கக் கேட்டிருக்கின்றோம். அவ்வோடை வாயிலில் மக்கள் அவருக்கு இட்ட பெயர் நீர்காத்த அய்யனார்.