2048 பைட்டுகள்: ரேலிங்க் யூஎஸ்பி டிரைவர்களுக்குள் ஃபர்ம்வேர் நுழைந்த கதை

தைவானின் ரேலிங்க் நிறுவனம் செய்த யூஎஸ்பி வைஃபை சிப்புகளுக்கு ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் மூன்று டிரைவர்கள் உண்டு. ஆர்டி2570 சிப்புக்கான ‘யூரல்’ 2005 மே மாதம் 3.7 பதிப்போடு வந்தது. அடுத்த தலைமுறைக்கான ‘ரம்’ 2006 நவம்பரில் 4.0 பதிப்பிலும், அதற்கும் அடுத்த ‘ரன்’ 2009 மே மாதம் 4.5 பதிப்பிலும் சேர்ந்தன. மூன்றிலும் டாமியன் பெர்காமினியின் கை இருக்கிறது. ரம் டிரைவரின் கையேட்டில் நையல் ஓ’ஹிக்கின்ஸ் பெயரும் உண்டு. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு உடனே தெரியும். யூரல், ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) எதையும் கேட்பதில்லை. மற்ற இரண்டும் அது இல்லாமல் இயங்குவதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு மிகுந்த செல்வாக்குப் பெற்ற விளக்கம் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மனுடையது. ஒரு சாதனத்துக்குள் பதித்தே விற்கப்பட்டு, பிறகு மாற்றும் நோக்கமே இல்லாத நிரலை மின்சுற்றாகவே கருதலாம் என்பது அவர் நிலைப்பாடு. அந்த நிரல் கணினியிலிருந்து ஏற்றப்படும் கோப்பாக வந்துவிட்டால் கதை வேறு. அது மென்பொருள், அதற்கு மூலநிரல் வேண்டும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சாதனங்களுக்குச் சான்று வழங்கும் விதிகளிலும் இதே கோடு உண்டு: வாங்கிய பின் நிரல் ஏற்றும் நோக்கமில்லாத துணைச் செயலிகளுக்கு விலக்கு. இதன்படி ஆர்டி2570 தேறும், அதற்குப் பின் வந்தது தேறாது. ஓபன்பிஎஸ்டியை அறக்கட்டளை பரிந்துரைக்காததற்கும் ஃபர்ம்வேர் ஒரு காரணம். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கோப்பாக வரும் நிரலைத் தயாரிப்பாளர் நாளை மாற்றலாம், பயனரால் முடியாது. அந்த ஏற்றத்தாழ்வைத்தான் ஸ்டால்மன் எதிர்க்கிறார். ஆனால், ரேலிங்க் டிரைவர்களின் வரிகளை நெருங்கிப் பார்த்தால் அவர் போட்ட கோடு அவர் காக்க நினைத்ததைக் காக்கவில்லை என்றே இக்கட்டுரை கருதுகிறது.

ரம் டிரைவரில் ஃபர்ம்வேரை ஏற்றும் செயற்கூறு மிகச் சிறியது. கோப்பை 4 பைட்டு 4 பைட்டாக எடுத்து, சிப்பின் நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும் ஒரு சுழற்சி. அது முடிந்ததும் ‘ஓடு’ என்று ஒரு கட்டளை. அவ்வளவுதான். இதே சிப்புக்கான லினக்ஸ் டிரைவர் இன்னும் கொஞ்சம் சொல்கிறது. அதன் தலைப்புக் கோப்பு இதை 8051 ஃபர்ம்வேர் என்றே குறிக்கிறது. 8051 என்பது இன்டெல் 1980-இல் கொண்டுவந்த 8 பிட் நுண்கட்டுப்படுத்தி. கோப்பின் நீளம் சரியாக 2048 பைட்டு இல்லையென்றால் டிரைவர் அதை ஏற்காது. கடைசி 2 பைட்டுகள் சரிபார்ப்புத் தொகை. ஆக, 512 முறை எழுதினால் முழுக் கோப்பும் உள்ளே போய்விடும். தகராறு இந்த 2 கிலோபைட்டைப் பற்றியதுதான்.

யூரலில் இந்தச் சுழற்சி இல்லை. அதை வைத்து ஆர்டி2570-க்குள் நிரலே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? சான்று மெலிந்திருக்கும் இடம் இது.  2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு பொதி வந்து சேர்ந்த 10 மைக்ரோவினாடியில் ஒப்புகை கிளம்பியாக வேண்டும். யூஎஸ்பி 2.0-வின் நுண்சட்டகம் ஒன்றே 125 மைக்ரோவினாடி. கணினியைக் கேட்டுப் பதில் அனுப்ப நேரமே கிடையாது. இரண்டு தலைமுறைச் சிப்புகளும் அந்த வேலையை உள்ளேயே முடிக்கின்றன. அதை ஆர்டி2570 வெறும் மின்சுற்றால் செய்யலாம், பொறித்த நிரலாலும் செய்யலாம். டிரைவரின் வரிகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. ஸ்டால்மனின் விதியோ, பார்க்க முடியாததை நல்லதென்று எடுத்துக்கொள்கிறது. ரேலிங்க் அதே 2048 பைட்டை அடுத்த சிப்புக்குள்ளேயே பொறித்து விற்றிருந்தால் அதுவும் அந்த விதியில் தேறியிருக்கும். பயனரின் கையில் புதிதாக எதுவும் வந்திருக்காது.

பெயர்களும் ஆண்டுகளும் இங்கே சிக்கலானவை. ஒரே சிப் குடும்பத்தை ரம் மூலநிரல் 2573 என்றும், லினக்ஸ் தலைப்புக் கோப்பு 2571 என்றும், ஃபர்ம்வேர் கோப்பின் பெயர் 73 என்றும் குறிக்கின்றன. ரம் மூலக்கோப்பின் பதிப்புரிமை வரி 2005-இல் தொடங்குகிறது. டிரைவர் வெளியானதோ 2006-இல். யூரல் கோப்பைப் படியெடுத்தபோது அந்த ஆண்டும் கூடவே வந்திருக்கலாம் என்பது பொருத்தமான விளக்கம். வேலை 2005-லேயே தொடங்கியது என்பதற்கும் அதே வரி இடம் தருவதால், இதைத் திறந்தே விடுவது நல்லது.

ஓபன்பிஎஸ்டியினர் கேட்ட கேள்வி வேறு. கணினியின் செயலியில், கர்னலுக்குள் ஓடும் மூடிய நிரலை அவர்கள் ஏற்கவில்லை. 2006 மே மாதம் வந்த 3.9 பதிப்பின் பாடலே அதை எதிர்த்துத்தான். சாதனத்துக்குள் ஓடும் ஃபர்ம்வேருக்கு அவர்கள் கேட்டது மறுவிநியோக உரிமை. அந்த உரிமை இல்லாவிட்டால் அடாப்டரைச் செருகியவர் நெட்வொர்க் கிடைப்பதற்காக நெட்வொர்க்கைத் தேட வேண்டியிருக்கும். கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைத் தன் கர்னலில் சேர்க்காத லினக்ஸ் வழங்கலான டெபியன் 6.0-இல் (2011 பிப்ரவரி) இதே சிக்கல்தான் இருந்தது. ஆர்டி2570 அடாப்டர் செருகியதும் வேலை செய்தது. அடுத்த தலைமுறை யூஎஸ்பி பட்டியலில் தெரிந்தும், தனித் தொகுப்பை நிறுவும் வரை இணைப்புத் தரவில்லை. 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் நிறுவியில்தான் ஃபர்ம்வேர் இடம்பெற்றது.

ஸ்டால்மனின் கோட்டுக்கு எதிரான வலுவான சான்று ரேலிங்கிடம் இல்லை, இன்னொரு வைஃபை சிப் நிறுவனமான ஏத்தராஸிடம் இருக்கிறது. ஏஆர்9271 சிப்பும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்வதுதான். அதன் மூலநிரல் 2013-இல் வெளியிடப்பட்டது. அந்தச் சிப் கொண்ட திங்க்பெங்குவின் அடாப்டருக்கு அறக்கட்டளையே சான்று கொடுத்தது. வெளியிலிருந்து ஏற்றும் கோப்பாக இருந்ததால்தான் பயனர் அதைத் திருத்தி மீண்டும் ஏற்ற முடிகிறது. அதுவும் தனியாக ஓடவில்லை: சிப்பில் பொறித்த, யாராலும் திருத்த முடியாத ரோம் நிரலைத் துணைக்கு அழைத்துக்கொண்டே ஓடுகிறது.

ரேலிங்கை 2011-இல் மீடியாடெக் வாங்கிவிட்டது. லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பில் அந்த 2048 பைட்டு கோப்பு, மாற்றாமல் பரப்பலாம், பிரித்து ஆராயக் கூடாது என்னும் ரேலிங்க் உரிமத்தோடு இன்னும் மூலநிரல் இல்லாமலே வழங்கப்படுகிறது.