ரிலேயின் நான்கு எண்கள்: கட்டளை அறுந்தால் என்ன நடக்க வேண்டும்?

காரின் ரேடியேட்டர் விசிறிக்கு மின்னிணைப்புக் கொடுப்பவர் கையில் தீப்பெட்டியை ஒத்த சிறு கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் நான்கு உலோகக் கால்கள். அவற்றின் அருகே 30, 85, 86, 87 என்ற எண்கள். தில்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய உதிரிபாகச் சந்தைகளில் பேசப்படும் மொழிகள் வேறு வேறு. ஆனால் இந்த நான்கு எண்களின் பொருள் எங்கும் ஒன்றே. அவை டி.ஐ.என். 72552 என்னும் ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்தவை. அத்தரநிலையின் பெயரைக் கேட்டிராத மெக்கானிக்கும் அதன் இலக்கணத்தைப் பிழையின்றிக் கையாளுகிறார். அப்பெட்டியின் பெயர் ரிலே. காருக்குள் வருவதற்கு முன் தந்திக் கம்பியிலும் ரயில் தண்டவாளத்திலும் அது கடந்து வந்த பாதையை அறிந்தால்தான், விசிறி வயரிங்கில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவின் பொருளும் விளங்கும்.

முதலில் சொல். 'ரிலே' பிரெஞ்சு வேட்டைக்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. துரத்திக் களைத்த நாய்களுக்குப் பதிலாக வழியில் முன்கூட்டியே நிறுத்திவைக்கப்பட்ட புதிய நாய்களை அது குறித்தது. பின்னர் நெடும்பயணச் சாலைகளில் மாற்றுக் குதிரைகளைக் குறித்தது. தமிழில் இதே கருத்தைத் தாங்கி நிற்கும் சொல் 'அஞ்சல்'. இன்று அது தபாலைக் குறித்தாலும், அச்சொல்லுக்குள் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தி கொண்டுசென்ற முறை உறைந்திருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் தபால் துறைக்கு 'அஞ்சல்' என்றே பெயர். பள்ளி விளையாட்டுகளில் தொடரோட்டத்தை 'அஞ்சலோட்டம்' என்பதும், ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொன்று ஏற்று ஒலிபரப்புவதை 'அஞ்சல் செய்தல்' என்றதும் அதே பொருளின் தொடர்ச்சி. களைத்தது நிற்க வேண்டும். களைக்காதது தொடர வேண்டும். நாய்க்கும் குதிரைக்கும் மனிதனுக்கும் பொருந்திய இவ்விதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்னோட்டத்துக்கும் பொருந்தியது.

நீண்ட கம்பியில் மின்னோட்டமும் களைத்துப்போகிறது. கம்பி நீள நீள அதன் மின்தடை கூடும். மறுமுனையை அடையும் மின்னோட்டம் ஒரு கருவியை அசைக்கவும் போதாமல் மெலியும். 1835-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி இதற்கான விடையை வகுப்பறையிலேயே செய்துகாட்டினார். பெரும் மின்காந்தம் ஒன்று கனத்த எடையைத் தாங்கி நிற்கும். தொலைவிலிருந்து நீண்ட கம்பி வழியே வரும் மெலிந்த மின்னோட்டம் ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கும். அச்சிறு காந்தத்தின் அசைவு பெரிய காந்தத்தின் மின்சுற்றைத் துண்டிக்கும். எடை பேரொலியுடன் தரையில் விழும். மெலிந்த மின்னோட்டம் அந்த எடையைத் தொடவே இல்லை. எடையைத் தாங்கியிருந்த வலிய மின்னோட்டத்துக்கு அது ஓர் ஆணை மட்டுமே இட்டது. ஹென்றி இதற்குக் காப்புரிமை கோரவில்லை. இங்கிலாந்தில் எட்வர்ட் டேவி 1838-இல் பெற்ற தந்திக் காப்புரிமையில், மெலிந்த மின்னோட்டத்தைப் புதுப்பிக்கும் இதே உத்தி இடம்பெற்றது. 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் அமைத்த தந்தித் தடம் புகழ்பெற்றபின், ரிலே தந்தித் தொழிலின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

ரிலே வந்த மின்னோட்டத்தையே வலுப்படுத்தி அனுப்புவதில்லை. முதல் சுற்று தன் வேலையை அங்கேயே முடித்துக்கொள்கிறது. இரண்டாவது சுற்று தனக்கெனத் தனி மின்கலத்தோடு புதிதாகத் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. காந்தத்தால் அசையும் ஒரு சிறு இரும்புத் தகடு மட்டுமே உண்டு. கட்டளையும் உழைப்பும் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிந்துவிடுகின்றன.

இந்தியாவில் இவ்வேலையைப் பெருமளவில் மனிதர்களே செய்தனர். கல்கத்தாவில் மருத்துவராகவும் வேதியியல் பேராசிரியராகவும் இருந்த வில்லியம் ஓஷானசி 1839-இலேயே அந்நகரருகே சோதனைத் தந்தித் தடம் ஒன்றை அமைத்தார். 1851-இல் கல்கத்தா–டயமண்ட் ஹார்பர் தடம் செயலுக்கு வந்தது. 1855-இல் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தொலைதூரச் செய்தியை இடைநிலையத்துக் குமாஸ்தா கேட்டெழுதி, அடுத்த நிலையத்துக்குத் தம் கையால் மீண்டும் தட்டி அனுப்புவார். அவரே உயிருள்ள ரிலே. அவர் அயர்ந்தால் செய்தி பிழையாகும். அவர் எழுந்து சென்றால் செய்தி நின்றுவிடும். 2013 ஜூலையில் இந்தியத் தந்திச் சேவை முடிவுக்கு வந்தபோது, அந்த நீண்ட அஞ்சலோட்டமும் முடிந்தது.

கட்டளை வராமற்போனால் தந்தியில் நிகழும் கேடு ஒரு செய்தி தாமதமாவது. ரயிலில் அதன் விலை உயிர். ஆகவே ரிலேயைப் பற்றிய ஆழமான கேள்வி தண்டவாளத்தின்மீதுதான் முழுமையாக எழுந்தது. 1872-இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தண்டவாளச் சுற்றில், இரு தண்டவாளங்களின் வழியே ஓடும் மெல்லிய மின்னோட்டம் ஒரு ரிலேயை எந்நேரமும் தாங்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், மின்னோட்டம் ரிலேயை அடையாமல் குறுக்கே திரும்பும், ரிலே விழும், கைகாட்டி 'நில்' என்று காட்டும். தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் நடப்பது அதுவே: ரிலே விழும், ரயில் நிற்கும். பழுதின் விளைவு எப்போதும் பாதுகாப்பின் பக்கமே சாயுமாறு சுற்று அமைக்கப்பட்டிருக்கிறது. இந்திய ரயில் நிலையங்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ரிலே இன்டர்லாக்கிங் முறையின் அடிநாதமும் இதுவே.

இனி கார். அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் என்ஜின் நெடுக்குவாட்டில் நிற்கும். அதன் முன்முகத்தில் பெல்ட்டால் சுழலும் விசிறி ரேடியேட்டரை நோக்கியிருக்கும். என்ஜினே விசிறியைச் சுழற்றுவதால் அங்கே கட்டளையும் இல்லை, ரிலேயும் இல்லை. ஆனால் அம்முறையில் ஒரு முரண் உண்டு. கார் விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே போதும். அப்போது விசிறி வேகமாகச் சுழலும். நெரிசலில் கார் நிற்கும்போது காற்று இல்லை. விசிறி மிகவும் தேவைப்படும் அந்நேரத்தில் என்ஜினோடு சேர்ந்து அதுவும் மெல்லச் சுழலும். கோடையில் ஏறுமலைப் பாதையிலும் நகரச் சந்திப்பிலும் பானட்டைத் திறந்துவைத்து, ஆவி அடங்கக் காத்திருந்த கார்கள் ஒரு தலைமுறையின் பொது நினைவு.

மாற்றம் என்ஜினின் திசையிலிருந்து வந்தது. 1959-இல் வெளிவந்த பிரிட்டனின் மினி காரில் என்ஜின் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டது. அதன் விசிறி இன்னும் என்ஜினாலேயே சுழன்றதால், ரேடியேட்டர் காரின் பக்கவாட்டுக்கு ஒதுங்க நேர்ந்தது. 1969-இல் தாந்தே ஜியாகோசாவின் வடிவமைப்பில் வந்த ஃபியட் 128, குறுக்கு என்ஜினை வைத்துக்கொண்டே ரேடியேட்டரைக் காரின் முகப்புக்குக் கொண்டுவந்து, அதற்கு மின்விசிறியைப் பொருத்தியது. விசிறி என்ஜினிலிருந்து விடுதலை பெற்றது. 1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்த மாருதி 800-உம் குறுக்கு என்ஜினும் மின்விசிறியும் கொண்ட கார். என்ஜின் நின்றிருந்தாலும் விசிறி சுழல முடியும் என்பது சாலையோரப் பட்டறைகளுக்குப் புதிய பாடமாயிற்று.

விடுதலை பெற்ற விசிறிக்கு ஆணையிட ஒருவர் வேண்டும். குளிர்நீரின் வெப்பத்தை உணரும் ஸ்விட்ச் அவ்வேலையை ஏற்றது; நீர் சுமார் 95 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் நிலை மாறும். விசிறியின் முழு மின்னோட்டத்தையும் அந்தச் சிறு ஸ்விட்ச் வழியாகவே செலுத்தினால் என்ன ஆகும்? 15 ஆம்பியர் எடுக்கும் விசிறி ஒன்றைக் கொள்வோம். சுற்றி வளைந்து செல்லும் கம்பியும் ஸ்விட்ச்சும் சேர்ந்து 0.1 ஓம் தடை காட்டினாலே 1.5 வோல்ட் வழியில் வீணாகும், 22.5 வாட் வெப்பம் கம்பியிலும் தொடுமுனைகளிலும் இறங்கும். விசிறி புறப்படும் கணத்தில் மின்னோட்டம் இதனினும் பன்மடங்கு. ரிலேயின் சுருளோ 0.15 ஆம்பியர் அளவே கேட்கும். அதே பாதையில் அதன் இழப்பு 0.015 வோல்ட். தந்திப் பொறியாளர்களை வருத்திய அதே மின்தடைதான் காரின் பானட்டுக்குள்ளும் வீற்றிருக்கிறது. நெடுங்கம்பியில் மெலிந்த கட்டளை செல்லட்டும், வலிய மின்னோட்டம் குறுகிய வழியில் உழைக்கட்டும் என்ற அதே விடைதான் இங்கும்.

நான்கு எண்கள் இந்தப் பிரிவினையையே எழுதிக்காட்டுகின்றன. 85, 86 கட்டளையின் இருமுனைகள், இடையே சுருள். 30, 87 உழைப்பின் இருமுனைகள், இடையே தொடுமுனை. பாட்டரியின் நேர்முனையிலிருந்து, அதற்கு மிக அருகிலேயே வைத்த பியூஸ் வழியாக, தடித்த கம்பி 30-க்கு வரும். 87-இலிருந்து இன்னொரு தடித்த கம்பி விசிறிக்குப் போகும். விசிறியின் மறுமுனை எர்த்தில் சேரும். 86-க்குச் சாவி வழியே வரும் மின்சாரம். 85-இலிருந்து மெல்லிய கம்பி வெப்ப ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. பியூஸ் ஏன் பாட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்? பியூஸுக்கு முன்னால் உள்ள கம்பி உடலில் உரசித் தோல் உரிந்தால், அதைக் காக்க யாரும் இல்லை; பாட்டரியின் முழு வலிமையும் அக்கம்பியில் பாயும். கார் தீப்பிடிக்க அது போதும்.

இவ்வளவும் எந்தப் பட்டறையிலும் கற்கலாம். வரலாறு தரும் பாடம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. 86-க்குரிய மின்சாரத்தைச் சாவியிலிருந்து எடுத்தால், சாவியை அணைத்ததும் விசிறி நிற்கும். பாட்டரி தப்பும், ஆனால் ஓடி நின்ற என்ஜினின் தேங்கிய வெப்பம் வெளியேற வழியில்லை. பாட்டரியிலிருந்து நேரே எடுத்தால், வண்டி நின்றபின்னும் நீர் ஆறும்வரை விசிறி சுழலும். ஆனால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் காலையில் பாட்டரி காலி. இரண்டில் எது சரி என்று எண்கள் சொல்வதில்லை. எந்தக் கேட்டை ஏற்கலாம் என்று இணைப்பவரே தீர்மானிக்கிறார்.

இன்னும் கடுமையான தீர்மானம் ஒன்றும் உண்டு. மேற்சொன்ன முறையில் வெப்ப ஸ்விட்ச்சின் மெல்லிய கம்பி அறுந்தால் ரிலே எழாது, விசிறி சுழலாது, என்ஜின் கொதிக்கும். பழுதின் விளைவு ஆபத்தின் பக்கம் சாய்கிறது. 1980-கள், 90-களின் டொயோட்டா கார்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறான அமைப்பு இருந்தது. நீர் குளிர்ந்திருக்கும்போது ஸ்விட்ச் மூடியிருந்து, ரிலேயை எழுப்பி, விசிறியை நிறுத்திவைக்கும். நீர் சூடேறினால் ஸ்விட்ச் திறக்கும், ரிலே விழும், விசிறி சுழலும். ஸ்விட்ச்சின் கம்பி அறுந்தாலும் ரிலே விழும். விசிறி ஓயாமல் சுழலும். ஓட்டுநருக்கு இரைச்சல் கேட்கும், என்ஜின் பிழைக்கும். ராபின்சனின் தண்டவாளத்தில் 'நில்' என்று சொன்ன அதே விழுதல், இங்கே 'சுழல்' என்று சொல்கிறது. ஐந்து கால் ரிலேயில் 87 ஏ என்று ஒரு முனை இருப்பது இத்தகைய சுற்றுகளுக்கும் உதவும். சுருள் உறங்கும்போது 30-ஐத் தொட்டிருப்பது அந்த முனைதான்.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுவது எளிது: ஹென்றி, டேவி, மோர்ஸ், ராபின்சன். புழக்கத்திலிருந்து அவ்வரலாற்றை எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் தம் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' நூலில் வாதிட்டார். ரிலே அதற்கு நல்ல சான்று. 1830-களின் கருத்து ஒன்று, தந்தி மறைந்த பின்னும் கோடிக்கணக்கான வண்டிகளில் ஒவ்வொரு நாளும் 'டக்' என்ற ஓசையோடு புதிதாக நிகழ்கிறது. இன்றைய பல கார்களில் கணினியே வெப்பத்தை அளந்து விசிறிக்கு ஆணையிடுகிறது. சிலவற்றில் ரிலேயின் இடத்தைக் குறைகடத்திகள் பிடித்துவிட்டன. கருவி மறையலாம், அது எழுப்பிய கேள்வி மறையாது. வெப்பத்தை அளக்கும் உணரி பழுதானால் விசிறி நிற்க வேண்டுமா, சுழல வேண்டுமா என்பதை மென்பொருள் எழுதுபவரும் முடிவுசெய்தே ஆக வேண்டும்.

கட்டளையிடும் எந்த அமைப்பையும், அது ஒழுங்காக இயங்கும் நாளை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது. கட்டளை அறுந்த கணத்தில் அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதிலேயே அதை அமைத்தவர் யாரைக் காக்க நினைத்தார் என்பது வெளிப்படுகிறது. பட்டறையில் குனிந்து நான்கு கம்பிகளைச் செருகும் கைகளும் அந்த முடிவையே எடுக்கின்றன.