சேப்பாக்கத்து மரநிழலும் புச்சிபாபு நாயுடுவும்

மாலையில் மைதானத்துக்குச் செல்லும் நம் வாலிபர்கள், ஆட்டத்தின் இடைவேளையில் எங்கே அமர்வது, எங்கே உண்பது என்று எவரிடமும் உத்தரவு கேட்பதில்லை. அந்நியர் ஆட்சிக்காலத்துச் சென்னையில் நிலைமை வேறு. அதனை மாற்ற முயன்ற ஒருவரைப் பற்றி இம்மலரிற் சில சொல்ல விரும்புகின்றோம்.

மோதவரபு வேங்கடமகிபதி நாயுடு 1868ஆம் ஆண்டு பிறந்தவர். புச்சிபாபு என்றாற்றான் எவருக்கும் தெரியும். ஆங்கில வணிக நிறுவனமொன்றுக்குத் துபாஷிகளாயிருந்து பெரும்பொருள் ஈட்டிய குடும்பம். மயிலாப்பூர் லஸ் பகுதியில் மாளிகை. ஆங்கிலச் செவிலியரின் மேற்பார்வையில் வளர்ந்த பிள்ளைக்குக் கிறிக்கெற் ஆட்டம் இளமையிலேயே பழக்கமாயிற்று. வளர்ந்தபின் துடுப்பாட்டத்திற் பேர் பெற்றார்.

சேப்பாக்கம் மைதானம் அப்பொழுது மதராஸ் கிறிக்கெற் கிளப்பின் வசமிருந்தது. 1846இல் ஐரோப்பியர் தமக்கென அமைத்துக்கொண்ட கழகம் அது. அங்கு ஆடச்சென்ற இந்தியருக்கு ஆட்டக் கொட்டகையில் இடமில்லை. வெள்ளையர் உள்ளே இருந்து உண்ண, இந்தியர் மரநிழலில் அமர்ந்து பகலுணவு கொண்டனர் என்று சென்னைக் கிறிக்கெற் வரலாற்றை எழுதியோர் கூறுவர். களத்திற் சமமாக நின்றவன் உணவு வேளையிற் கீழானவனாவது எந்த நியாயம்? புச்சிபாபுவின் நெஞ்சைத் தைத்தது இதுவே.

அவர் வசைபாடி ஓயவில்லை. 1888இல், இருபது வயதளவில், எஸ்பிளனேட் மைதானத்தில் மதராஸ் யுனைற்றெட் கிளப்பை நிறுவினார். துடுப்பும் பந்தும் வாங்க வசதியற்ற இளைஞருக்குத் தம் பொருளைச் செலவிட்டு அவற்றை வழங்கினார், பயிற்சியும் அளித்தார். செல்வர் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்பார் உளர். அந்நகரிற் செல்வர் பலர் இருந்தனரே! அவர்களுள் எத்தனை பேர் ஏழை மாணவன் கையில் துடுப்பைக் கொடுத்தனர் என்றே நாம் கேட்போம்.

ஆண்டுகள் செல்ல இந்திய ஆட்டக்காரரின் திறமை வளர்ந்தது. ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் ஆண்டுதோறும் நேருக்கு நேர் மோதவேண்டுமென்று புச்சிபாபு விரும்பி, கிளப்பாருடன் பேசி இணங்கச் செய்தார். 1908ஆம் ஆண்டின் இறுதியில் முதற் பந்தயத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குச் சற்று முன்னரே புச்சிபாபு காலமானார்! ஆயினும் பந்தயம் நின்றுவிடவில்லை. பின்னாளில் மாகாணப் பந்தயம் எனப் பெயர்பெற்று, பொங்கற் காலத்துப் பெருவிழாவாகவே சென்னை மக்களுக்கு அது அமைந்தது. அவர் பெயரால் தொடங்கிய சுற்றுப்போட்டியும் நெடுங்காலம் நிலைத்தது. 1950களில் தொடங்கி நம் இலங்கை அணி கோபாலன் கிண்ணத்துக்காக எதிர்த்தாடிய சென்னை அணியும் இவ்வழி வந்ததே.

புதல்வருள் பாலய்யாவும் ராமசாமியும் சென்னையிற் பேர்பெற்ற ஆட்டக்காரராயினர். தந்தை இறந்தபொழுது ராமசாமிக்குப் பன்னிரண்டு வயது. வேறொரு குடும்பத்துக்குச் சுவீகாரம் போன அவர், 1922இல் டேவிஸ் கிண்ண ரென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். 1936இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று, மாஞ்செஸ்ரரில் 40, 60 என்றும், ஓவல் மைதானத்தில் 29, ஆட்டமிழக்காது 41 என்றும் ஓட்டங்கள் குவித்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. தந்தை மறைந்ததும் ஏறக்குறைய அவ்வயதிலேதான்.