தென்னை நிழலில் மேய்ச்சல்

முன்னேஸ்வரத்தைச் சூழ்ந்த சிலாபப் பகுதியில் தென்னையின் பொருட்டே பெரும்பாலும் மாடு வளர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னந்தோட்டங்கள் பெருகியபோது, மரந்தோறும் மாட்டை மாற்றி மாற்றிக் கட்டி உரமேற்றும் முறை பரவியது. மரத்தடிப் புல்லே தீனி. (அப்புல் மண்ணின் ஈரத்துக்குத் தென்னையோடு போட்டியிடும் என்பதும் உண்மையே.) லுணுவிலவில் அமைந்த தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் நிழலில் வளரத்தக்க புல்லினங்களைப் பின்னர் ஆராய்ந்தது. இறைச்சிக் கடையை அடைந்தது முதிர்ந்த மாடு. அதன் ஊன் கொழுப்புக் குறைந்தது, சற்றே வன்மையானது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரின் பின் மலிந்த சோளம் மாடுகளைப் பட்டிகளில் அடைத்தது. அங்கு புல்லுண்ட மாட்டின் இறைச்சி கூடுதல் விலை கொடுத்துப் பெறும் தெரிவாயிற்று. ஈண்டோ அது வழக்கம். 2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்பைத் தடைசெய்யவும், உண்போருக்கு இறைச்சியை இறக்குமதி செய்யவும் இசைந்தது. முதிர்ந்த மாடுகளுக்குத் திட்டமொன்று வகுக்கப்படும் என்றும் கூறப்பட்டது. சிறுதோட்டக்காரருக்கோ அம்மாட்டின் விலையே அடுத்த கன்றுக்குரிய பணம்.