எழுத்தின் பக்கத்தில் ஒரு முகம்

கணினியின் வரலாற்றைப் பேசப் புகும்போது நாம் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃப்ரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நிகழ்த்திய செயல்விளக்கத்துக்கும் அந்தக் கதியே நேர்ந்தது. மவுஸ் என்னும் சிறு கருவி அரங்கேறிய நாள் என்றே அது நினைவுகூரப்படுகிறது. அன்று திரையில் எழுத்துகளுடன் ஒரு மனித முகமும் நேரடியாகத் தோன்றிப் பேசியதைப் பலரும் மறந்துவிட்டோம்.

கணினி மாநாடு ஒன்றுக்கு வந்திருந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில், 90 நிமிடங்கள் அது நடந்தது. எங்கல்பார்ட் மேடையில் இருந்தார். கணினியோ சுமார் 30 மைல் தொலைவில், மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. அங்கிருந்து நுண்ணலை வழியே படம் வந்தது; மேடையில் அசைந்த மவுஸின் செய்தி தொலைபேசிக் கம்பி வழியே திரும்பிச் சென்றது. இந்த ஏற்பாடுகளின் பெரும்பொறுப்பு பில் இங்கிலீஷ் என்ற பொறியாளருடையது. ஒரு கட்டத்தில் மென்லோ பார்க்கிலிருந்த பில் பாக்ஸ்டனின் முகம் திரையின் ஒரு பகுதியில் தோன்றியது. இருவரும் ஒரே பக்கத்து எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உரையாடினர். இருவருடைய சுட்டுக்குறிகளும் அந்தப் பக்கத்தில் உலவின.

அக்காலக் கணினிக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? திரையின் ஒவ்வொரு புள்ளியையும் நினைவகத்தில் ஏற்றிவைப்பது அன்று கட்டுப்படியாகாத ஆடம்பரம். ஆகவே அவர்கள் ஓர் எளிய வழியைக் கண்டனர். கணினி அறையில் ஐந்து அங்குலப் படக்குழாய்களில் எழுத்துகள் வரையப்பட்டன. ஒவ்வொரு குழாயின் முன்னும் ஒரு தொலைக்காட்சிக் காமிரா நின்றது. அது எடுத்த படமே, 875 வரிகள் கொண்ட தொலைக்காட்சி அலையாக மேசைகளுக்குச் சென்றது. மேசை முன் அமர்ந்தவர் கண்டது கணினித் திரையின் தொலைக்காட்சிப் படத்தையே. எழுத்து இவ்வாறு தொலைக்காட்சியாகிவிட்டபின், இன்னொரு காமிரா தரும் முகத்தை அதனுடன் சேர்ப்பது கடினமில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் அன்றாடம் செய்துவந்த கலவை வேலைதான் அது. தன் எழுத்துகளின் பக்கத்தில் ஒரு முகம் இருப்பதைக் கணினி அறியவே இல்லை.

இந்த ஏழ்மையான உபாயம் தந்த வசதியை அடுத்த தலைமுறைப் பொறிகள் இழந்தன என்பது வரலாற்றின் விந்தை. 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஆல்டோ, திரையைப் புள்ளி புள்ளியாக நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. எங்கல்பார்ட்டின் சகாக்கள் சிலரும் அந்த ஆய்வகத்தில் சேர்ந்திருந்தனர். எழுத்துகள் அச்சுநூலின் அழகைப் பெற்றன. ஆனால் அசையும் முகத்தை எண்களாக்கிச் சுமக்கும் வலு அப்பொறிகளுக்கு இல்லை. 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சியூ-சீமீ என்ற மென்பொருள் உருவானபோதும், மேசைக் கணினியில் தெரிந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு சிறு சதுரமே.

எங்கல்பார்ட் 1962இல் எழுதிய அறிக்கையில் முன்வைத்த கனவு வேறு. சிக்கல்கள் பெருகும் வேகத்துக்கு மனிதர்களின் கூட்டுச் சிந்தனை ஈடுகொடுக்க வேண்டும். அதற்குக் கணினி துணைநிற்க வேண்டும் என்றே அவர் விரும்பினார். மவுஸ் அதில் ஓர் உறுப்பு, அவ்வளவுதான். 1970களில் அவருடைய ஆய்வுக்கான நிதி வற்றி, ஆய்வகம் வணிக நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. 1997இல் டூரிங் விருது வந்தது. 2013இல் அவர் மறைந்தார். உலகெங்கும் இரங்கல் குறிப்புகளின் தலைப்புகளில் மவுஸே முந்தி நின்றது.

இன்று எழுத்தும் முகமும் ஒரே திரையில் தோன்றுவது நமக்கு அன்றாடக் காட்சி. அந்த முகத்துக்கு உரியவருடன் சேர்ந்து ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதும்போதுதான் 1968இன் அந்தத் திரைக்கு நாம் உண்மையில் அருகில் இருக்கிறோம்.